கடைசி நாளில் உள்நாட்டு விமானம் வேண்டாம்: பினாங்கிலிருந்து திரும்பியபோது நான் பட்ட பாடு

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது யாரோ மலேசியா போய்வருகிறார்கள். திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசாவும் தேவையில்லை. போவதற்கு முன் என்னிடம் வந்து விசாரிப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “அங்கே போய் இறங்கிய பிறகு, உள்ளூர் விமானத்தில் பினாங்கு, லங்காவி எல்லாம் பார்த்துவிடலாமே ஆச்சி? டிக்கெட் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம்தானே காட்டுகிறது?” அந்த இரண்டாயிரம் ரூபாய் டிக்கெட் எனக்கு 34,000 ரூபாயையும், திரும்ப வராத ஒரு நல்ல நாளையும் விழுங்கியது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன். தனியாகப் போகும் பெண்களை நினைத்துத்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், சிறு வயதிலேயே பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாக, பினாங்குக்குக் கப்பலேறி, வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கியில் கணக்கெழுதி, மேலாளாக இருந்து ஊர் திரும்பியவர். பினாங்கு ஸ்திரீட், அங்கே நகரத்தாரின் கோவில் வீடு, தண்ணீர்மலை முருகன் கோயில் என்ற பெயர்களெல்லாம் எங்களுக்குப் பிள்ளைப் பருவத்திலேயே பழக்கம். தைப்பூசத்துக்குக் கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் காரைக்குடியில் செய்யப்பட்டு 1894ஆம் ஆண்டு கப்பலில் போனது என்பதை ஐயா சொல்லும்போதெல்லாம் அந்த ரதத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்கு வேளை வந்தது. என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, அவரால் வர முடியவில்லை. பினாங்கில் இன்னமும் தூரத்து உறவு இருக்கிறது. சென்னையில் இருக்கும் மகன் டிக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தான். திருச்சி – கோலாலம்பூர் போக வர ஒரு நிறுவனம், கோலாலம்பூர் – பினாங்கு போக வர வேறொரு நிறுவனம், இரண்டாவதை எடுத்தது பல விமானங்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் ஓர் இணையதளம் வழியாக. இப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள், எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர்களும் இப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தங்கினேன். தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை அதுதான். தமிழ்க் கடைகள், சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த இடம், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் நடக்கும் தூரம். விமான நிலைய ரயில், பத்துமலைக்குப் போகும் கொம்யூட்டர் ரயில், பினாங்குப் பக்கம் போகும் இடிஎஸ் ரயில் எல்லாம் அங்கிருந்தே கிடைக்கின்றன. பத்துமலையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 272 படிகளையும் காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், அதற்குப் பிறகு வெயிலும் கூட்டமும் சேர்ந்துவிடுகின்றன.

ஒருநாள் பயணமாக மலாக்கா போய்வந்தது எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது. அந்த ஊர் 1511இல் போர்த்துகீசியர் கையிலும் 1641இல் டச்சுக்காரர் கையிலும் 1824இல் ஆங்கிலேயர் கையிலும் போன ஊர். அங்கே 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. அதே தெருவில் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் இருக்கின்றன. கோயிலைக் கட்டிய மலாக்கா செட்டிகள் நம் நகரத்தாருக்குப் பல தலைமுறை முந்தியே அங்கே குடியேறிய தனிச் சமூகம். வீட்டில் மலாய் பேசுகிறார்கள், கும்பிடுவது நம் சாமிகளை. கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியும் நானும் ஆளுக்கொரு மொழியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதற்காகவே இன்னொரு முறை போக வேண்டும் என்று இருக்கிறது.

மலாக்காவுக்குக் கோலாலம்பூரின் தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து, டிபிஎஸ் என்பார்கள், இரண்டு மணி நேரம். இந்த இடத்தில் நேரக் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். பஸ் இரண்டு மணி நேரம் என்றால் பயணம் இரண்டு மணி நேரம் அல்ல. அறையிலிருந்து டிபிஎஸ் போக அரை மணி, அங்கே டிக்கெட் எடுத்துக் காத்திருக்க அரை மணி, மலாக்கா சென்ட்ரலில் இறங்கியபின் பழைய ஊருக்குள் போக வேறு வண்டி பிடித்து இன்னும் அரை மணி. ஒரு வழிக்கு மூன்றரை மணி நேரம், போக வர ஏழு. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பார்ப்பதற்கு ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும், ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அவசர அவசரமாகச் சுற்றிவிட்டு வர வேண்டியதுதான். சனி, ஞாயிறுகளில் சாலை நெரிசலில் பஸ்ஸே மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரைதான். சந்தை வேண்டுமா நெரிசல் இல்லாத பயணம் வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மலாக்கா சென்ட்ரலில் இறங்கியவுடனேயே திரும்பும் டிக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பிறகு ஊருக்குள் போவது நல்லது. மாலையில் வந்து வரிசையில் நின்றால் எட்டு மணி வண்டிதான் கிடைக்கும்.

இனி உள்நாட்டு விமானத்துக்கு வருகிறேன். போகும் பயணத்திலேயே முதல் அடி விழுந்தது. உறவுக்காரர்களுக்கென்று மணகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு, மகிழம்பூ முறுக்கு எல்லாம் தகர டின்களில் அடைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். திருச்சி விமானத்தில் 20 கிலோ பெட்டிக்குப் பணம் கட்டியிருந்தோம். பினாங்கு டிக்கெட்டிலோ கையில் கொண்டுபோகும் 7 கிலோ மட்டும்தான். விலை ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் பெட்டி இல்லாத விலையைத்தான் முதலில் காட்டுகின்றன. டிக்கெட் எடுக்கும்போதே பெட்டிக்குக் கட்டினால் ஒரு விலை, விமான நிலையக் கவுன்ட்டரில் கட்டினால் வேறு விலை. எனக்கு டிக்கெட் 89 ரிங்கிட், பெட்டிக்குக் கவுன்ட்டரில் 120 ரிங்கிட். ஆளைவிடப் பெட்டிக்குக் கூலி அதிகம். நான் போனபோது ரிங்கிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 ரூபாய். கார்டில் கட்டும்போது ரூபாயில் கழிக்கவா ரிங்கிட்டில் கழிக்கவா என்று இயந்திரம் கேட்கும். எப்போதும் ரிங்கிட்டையே அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் அவர்கள் போடும் மாற்று விகிதத்தில் இன்னும் கொஞ்சம் போய்விடும்.

பினாங்கு போய்ச் சேர்ந்த இரவே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறையிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். பெட்டி வர அரை மணி. பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து தலைநகரான ஜார்ஜ்டவுன் போக முக்கால் மணி. மொத்தம் ஐந்தேகால் மணி நேரம். இதே கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலில் ஏறினால் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், ரயிலடியை ஒட்டியே படகுத்துறை, படகில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஜார்ஜ்டவுன். காத்திருப்பதையெல்லாம் சேர்த்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பணம்? விமான நிலைய ரயில் 55, டிக்கெட் 89, பெட்டி 120, அங்கே இறங்கி டாக்சி 30, ஆக 294 ரிங்கிட். ரயிலிலும் படகிலும் 100 ரிங்கிட்டுக்குள் முடிந்திருக்கும், முறுக்கு டின்னை யாரும் எடை போட மாட்டார்கள். நடுவில் ஈப்போவில் ஒருநாள் இறங்கிக் கல்லுமலைக் கோயிலும் பார்த்திருக்கலாம். டிக்கெட்டில் அச்சடித்த தொகையை மட்டும் பார்த்து விமானம் மலிவு என்று சொல்வது சரியல்ல. வாசலில் செருப்பு மாட்டுவது முதல் அடுத்த ஊர் அறைக்கதவைத் திறப்பது வரை உள்ள நேரத்தையும் பணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பினாங்கில் இருந்த நாள்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறாகிவிடும். கோவில் வீட்டில் ரதத்தைப் பார்த்தேன், தண்ணீர்மலையின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை நின்று நின்று ஏறினேன், ஐயா இருந்த தெருவில் காலையும் மாலையும் நடந்தேன். மனம் நிறைந்திருந்தது. அந்த நிறைவோடு ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது, அது வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை தேவகோட்டையில் என் அண்ணனுக்குச் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். எனக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான், அறுபது வயது நிறைகிறது.

என் பயணத் திட்டம் இப்படி: பினாங்கில் காலை 11 மணிக்கு விமானம், கோலாலம்பூரில் பன்னிரண்டு மணிக்கு இறங்குவேன், திருச்சி விமானம் இரவு ஏழரைக்கு. இடையில் ஏழு மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது. யாரிடம் காட்டினாலும் போதும் போதும் என்றுதான் சொல்வார்கள். காலை எட்டரை மணிக்கே பாயான் லெப்பாஸில் போய் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், “உங்கள் விமானம் மாலை 5.25க்கு மாற்றப்பட்டிருக்கிறது” என்றார். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். சில நாள்களுக்கு முன்பே மாற்றி, டிக்கெட் விற்ற தளத்துக்குத் தெரிவித்துவிட்டதாகச் சொன்னார். அந்தத் தளம் அதை எங்கள் யாருடைய தொலைபேசிக்கும் அனுப்பவில்லை. அதன் செயலிக்குள் ஒரு மூலையில் செய்தியாக வைத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 5.25க்குப் புறப்பட்டால் ஆறரைக்கு இறங்குவேன். ஏழரை மணி விமானத்துக்கு ஆறரை மணிக்கே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். என் திருச்சி டிக்கெட்டைக் காட்டி ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சினேன். “அது வேறு நிறுவனத்தின் டிக்கெட், அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை” என்றார். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை, மென்மையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை தொண்டை வரை வந்துவிட்டது.

‘அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்ற இந்த வாக்கியம்தான் வெளிநாட்டில் மலிவு விமானம் எடுக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டு பயணங்களும் ஒரே பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்பது நீங்கள் ஒருவர் மட்டும். ஒரே நிறுவனத்தின் விமானமாக இருந்தாலும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் இதே நிலைதான். ஆகவே ஒப்பீட்டுத் தளத்தில் விலையைப் பாருங்கள், வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். உங்கள் மின்னஞ்சலையும் வெளிநாட்டில் வேலை செய்யும் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பும், முதல் நாள் இரவும் பதிவு எண்ணைப் போட்டு நேரம் மாறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவர்கள் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

நான் ஒவ்வொரு கவுன்ட்டராக ஓடினேன். அதே நிறுவனத்தின் பிற்பகல் விமானம் நிரம்பியிருந்தது. வேறொன்றிலும் இடமில்லை. கடைசியில் ஒரு சிறிய விமானத்தில் 3.10க்கு இடம் இருந்தது, 340 ரிங்கிட். ஆனால் அது கோலாலம்பூரின் பெரிய விமான நிலையத்தில் இறங்காது, சுபாங்கில் இறங்கும் என்று அங்கிருந்தவர் சொன்னார். கோலாலம்பூருக்கு இரண்டு விமான நிலையங்கள். சுபாங் என்பது நகருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய நிலையம். திருச்சி விமானம் புறப்படுவதோ தெற்கே வெகுதூரம் தள்ளி செப்பாங்கில் இருக்கும் நிலையத்தில், அதிலும் டெர்மினல் 1, டெர்மினல் 2 என்று தனித்தனிக் கட்டடங்கள். டிக்கெட் தேடும்போது எல்லாமே கோலாலம்பூர் என்றுதான் காட்டும். பக்கத்தில் கேயுஎல் என்று இருந்தால் செப்பாங், எஸ்இசட்பி என்று இருந்தால் சுபாங். அந்த மூன்றெழுத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். எனக்கு அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை, வாங்கினேன்.

நாலே காலுக்குச் சுபாங்கில் இறங்கினேன். பெட்டியோடு வெளியே வர நாலே முக்கால் ஆயிற்று. மழை கொட்டிக்கொண்டிருந்தது. டாக்சி ஓட்டியவர் தமிழர், வயதில் என் தம்பிபோல இருந்தார். நிலைமையைச் சொன்னதும் “ஏறுங்கள் அம்மா, பார்த்துவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை, மழை வேறு. சாமியை வேண்டிக்கொள்ளுங்கள்” என்றார். மற்ற நேரத்தில் ஒரு மணிக்குள் போய்விடும் தூரமாம். சாலை முழுக்கச் சிவப்பு விளக்குகள், வண்டி நகரவில்லை. ஒவ்வொரு நிமிடமும் கைப்பேசியில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வண்டிக்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. அவர்தான் பேச்சுவாக்கில் இன்னொன்றைச் சொன்னார்: “காலை ஒன்பது மணிக்கே தெரிந்ததே அம்மா, பாலத்தைத் தாண்டிப் பட்டர்வொர்த் வந்து பஸ் ஏறியிருந்தால் மூன்று மணிக்கு டிபிஎஸ். அங்கிருந்து விமான நிலைய ரயில் இருக்கிறது, நாலரைக்குள் போய் உட்கார்ந்திருப்பீர்கள்.” அவர் சொன்னது முழுக்க உண்மை. டிபிஎஸ்ஸை ஒட்டிய பண்டார் தாசேக் சிலாத்தான் நிலையத்தில் கேஎல்ஐஏ டிரான்சிட் ரயில் நிற்கிறது. விமான நிலையத்தில் அன்று எத்தனையோ பேரிடம் கேட்டேன், ஒருவரும் சாலை வழியைச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது விமானம், அதை விற்கத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். விமானம் கைவிட்டால், உடனே வெளியே வந்து உள்ளூர் ஆள் ஒருவரிடம் ரயில் உண்டா பஸ் உண்டா என்று கேளுங்கள். தமிழ் நாட்டில் மதுரை – திருச்சி எவ்வளவு தூரம் என்று நமக்குத் தெரிவதுபோல அவர்களுக்கு அந்தச் சாலை தெரியும்.

6.35க்குக் கவுன்ட்டர் முன்னால் நின்றேன். மூடியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஊழியர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள், திருச்சிக்குப் போகும் பெட்டிகள் கண்ணெதிரே நகர்ந்துகொண்டிருந்தன. பயணிகளின் பட்டியலை அனுப்பிவிட்டோம், இனி எதுவும் செய்ய முடியாது என்றார்கள். அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு எப்படிச் சொல்வது? அண்ணன் வீட்டில் அந்நேரம் தோரணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரம் யாருக்கும் போன் செய்யாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கூட ஒருவர் இருந்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது. பிறகு அண்ணனைத்தான் முதலில் அழைத்தேன். “ஆத்தா, நீ பத்திரமாக வந்து சேர், அது போதும். சாந்தி நல்லபடியாக நடக்கும்” என்றார். அவர் குரலில் ஏமாற்றம் துளியும் இல்லை. எனக்கு அதுவே இன்னும் வலித்தது.

மறுநாள் திருச்சிக்குப் புது டிக்கெட் 920 ரிங்கிட். விமான நிலையத்தை ஒட்டிய விடுதியில் ஓர் இரவுக்கு 230. நாற்காலியில் உட்கார்ந்தே இரவைக் கழிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். மகன்தான் வேண்டாம், தனியாக இருக்கிறாய், கதவைச் சாத்திக்கொண்டு படு என்றான். அவன் சொன்னது சரி. அப்படிப்பட்ட இரவில் விடுதிப் பணத்தை மிச்சப்படுத்தாதீர்கள், தூக்கமில்லாமல் எடுக்கும் முடிவுகள் இன்னும் செலவு வைக்கும். சுபாங் டிக்கெட் 340, டாக்சி 85. ஆக 1,575 ரிங்கிட், நம் கணக்கில் 31,500 ரூபாய். என்னை அழைத்துவரக் காரைக்குடியிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்டுவிட்ட காருக்கு 2,500. எல்லாம் சேர்த்து 34,000.

திரும்பக் கிடைத்தது கொஞ்சம்தான், ஆனால் கேட்டதால்தான் கிடைத்தது. மலேசியாவில் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள் 2016 முதல் இருக்கின்றன. தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் சாப்பாடு தர வேண்டும். ஐந்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் ஆனால், பயணம் வேண்டாமென்று சொல்லி, பணம் கட்டிய வழியிலேயே திரும்பப் பெறலாம் என்பது 2024 செப்டம்பர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. கவுன்ட்டரில் இதை யாரும் தாமாகச் சொல்லவில்லை, அடுத்த பயணத்துக்கான கூப்பன்தான் நீட்டினார்கள். கூப்பன் வேண்டாம், பணமாக வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் சரியான பதில் தராவிட்டால் அங்குள்ள சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் புகார் செய்யலாம். முன்பு இதற்கென்று தனி ஆணையம் இருந்தது, 2025 ஆகஸ்ட் 1இல் அதன் பொறுப்புகள் இதற்கு மாறின. எனக்கு உள்நாட்டு டிக்கெட்டின் பணம் முழுதும் வந்தது, இடையில் அந்த இணையதளம் இருந்ததால் மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனால் இந்த விதிகள் எல்லாம் அந்த ஒரு டிக்கெட்டுக்கு மட்டும்தான். தவறவிட்ட திருச்சி விமானத்துக்கு எவரும் பொறுப்பில்லை. அதில் விமான நிலையக் கட்டணமும் வரியும் மட்டும், நான் பயணம் செய்யவில்லை என்று விண்ணப்பித்ததால் வந்தது. இது பலருக்கும் தெரியாது, விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

காப்பீடு எடுத்திருந்தேன். தொடர் விமானம் தவறினால் பணம் உண்டு என்று அதில் போட்டிருந்தது. விண்ணப்பித்த பிறகுதான், இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் மட்டுமே என்று பதில் வந்தது. எடுக்கும்போதே தனித்தனி டிக்கெட்டுக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். தாமதமோ நேர மாற்றமோ நடந்தால் அங்கேயே விமான நிறுவனத்திடம் காரணமும் நேரமும் குறிப்பிட்ட கடிதம் வாங்குங்கள். ஊருக்கு வந்தபின் அதை வாங்குவது பெரும்பாடு. இன்னொன்று, விசா இல்லாமல் இருக்கும் 30 நாளையும் முழுதாகப் பயன்படுத்தித் திட்டம் போடாதீர்கள். விமானம் தவறி ஒருநாள் கூடினால் அது தங்கும் காலத்தை மீறிய குற்றமாகிவிடும். எனக்கு நாள் மிச்சமிருந்ததால் அந்தக் கவலையாவது இல்லாமல் போயிற்று.

போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலங்களான சரவாக், சபா பக்கம் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சரவாக்கின் கூச்சிங்குக்கோ சபாவின் கோத்தா கினபாலுவுக்கோ போவது உள்நாட்டு விமானம்தான், ஆனால் அந்த இரண்டு மாநிலங்களுக்கும் தனிக் குடிவரவுச் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போனால் ஏறவே முடியாது. இறங்கியதும் அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். கூச்சிங்கிலிருந்து பாக்கோ தேசியப் பூங்காவுக்கு ஒருநாளில் போய்வரலாம் என்கிறார்கள். போய்வரலாம், ஆனால் கடைசிப் படகு கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துப் பிற்பகலிலேயே கிளம்பிவிடும். அன்று இரவே விமானம் என்று வைத்துக்கொண்டால் என் கதைதான்.

என் பக்கத்து வீட்டு ஆச்சி வரும் தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறார். அவருக்கு நான் எழுதிக் கொடுத்த திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தைப்பூசம் அங்கே பினாங்கு, கோலாலம்பூர், சிலாங்கூர் எல்லாவற்றிலும் விடுமுறை. சீனப் புத்தாண்டும் அதை ஒட்டியே வரும், ரயில், விமானம் எதிலும் இடம் இருக்காது. ஆகவே இடிஎஸ் டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்றே எடுக்கச் சொன்னேன். திருச்சியிலிருந்து இறங்கியதும் ஓர் இரவு மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கிவிட்டு, மறுநாளே ரயிலில் பினாங்கு. தூரமான ஊரை முதலில் முடித்துவிட்டு, திரும்பி வந்து கடைசி இரண்டு மூன்று நாள்களைக் கோலாலம்பூரில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து மலாக்காவும் பத்துமலையும். ஊர் திரும்பும் நாளன்று எங்கும் போவதில்லை. பலகாரப் பெட்டி எத்தனை கிலோ என்று வீட்டிலேயே எடை போட்டாயிற்று. மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் போலி. அதை அவர் பேத்தி நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். திருச்சிக்குத் திரும்பும் டிக்கெட்டில் விமான நிலையத்தின் மூன்றெழுத்தையும் டெர்மினல் எண்ணையும் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்திருக்கிறேன்.